ஆங்கிலம் அறிவோம்: 'செக்' என்ற ஒரு சின்னச் சொல்

ஆங்கிலம் படிக்காத பாட்டி கூட நம் தோட்டங்களில் சொல்லும் ஆங்கிலச் சொல் 'செக்'. "செக்ரோல்ல பேரு விழுந்துச்சா?" என்ற கேள்வி கேட்காத லயம் உண்டா? ஆனால் இதே சொல் இடத்துக்கு இடம் பொருள் மாறும். பிள்ளைகள் பாடத்திலும், பெரியவர்கள் கையெழுத்து வைக்கும் இடத்திலும் இதில் தடுமாறுகிறார்கள்.

பாரசீக மொழியில் 'ஷா' என்றால் அரசன். ஷாஜகான் பெயரில் இருப்பதும் அந்த 'ஷா'தான். சதுரங்கத்தில் ராஜாவுக்கு ஆபத்து வந்தால் சொல்லும் இந்தச் சொல், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'செக்' ஆயிற்று. செக் வைத்தால் ராஜா நினைத்தபடி நகர முடியாதல்லவா? அதனால் 'தடு', 'அடக்கி வை' என்ற பொருள்கள் வந்தன. 'சரிபார்' என்பது அதன் பிறகு வந்ததுதான். சதுரங்கப் பலகையைப் போலக் கட்டம் போட்ட சாரமும் 'செக்' சாரம்.

1946இல் இலங்கைக்கு வந்த கொப்புள நோயை மருந்தடித்து 'கீப் இன் செக்' செய்கிறார்கள் என்று புத்தகத்தில் இருந்தால், நோயைப் பரிசோதிக்கிறார்கள் என்று எழுதிவிடாதீர்கள். பரவ விடாமல் அடக்கி வைக்கிறார்கள் என்பதே பொருள்.

கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகும் தம்பி தங்கைகளே, "செக் வித் த மனேஜர்" என்றால் மனேஜரிடம் கேட்டுக்கொள் என்று அர்த்தம். அவரைச் சோதிக்கப் போய்விடாதீர்கள்! சில வெளிநாட்டுப் படிவங்களில் "செக் த பொக்ஸ்" என்றிருக்கும். கட்டத்துக்குள் சரி அடையாளம் போடச் சொல்கிறார்கள்.

வங்கிச் செக்குக்கு ஓசை ஒன்றுதான், எழுத்து வேறு. அமெரிக்கர் மட்டும் இரண்டையும் ஒரே மாதிரி எழுதுவார்கள். குறுக்கே இரண்டு கோடு போட்ட செக்கை வங்கியில் நீட்டினால் உடனே காசு தரமாட்டார்கள், கணக்கில் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது "செக் அண்ட் சைன்". சரிபார், பிறகு கையெழுத்துப் போடு. நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். சம்பளத் துண்டில் வேலை செய்த நாட்கள், கொழுந்துக் கிலோ, பிடித்த காசு எல்லாம் இருக்கும். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடம் பிடிப்பது 8 சதவீதம். தோட்டம் தன் பங்காகப் போட வேண்டியது 12 சதவீதம், அதை உங்கள் சம்பளத்தில் பிடிக்க முடியாது. பிள்ளையின் பழைய கொப்பி ஒன்றில் தினமும் நிறுத்த கிலோவை எழுதி வைத்தால், துண்டோடு ஒத்துப் பார்ப்பது சுலபம். "சீக்கிரம் போடும்மா" என்று அவசரப்படுத்தினால், "ஒரு நிமிஷம் ஐயா, பார்த்திட்டுப் போடுறேன்" என்று சொல்லுங்கள். அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. கைநாட்டு வைப்பவர்கள், படிக்கும் பிள்ளையிடம் துண்டைக் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள்.

பயிற்சி: 'செக் த வெயிட்', 'செக் யுவர் எங்கர்'. முதலாவது நிறையைப் பற்றியது, இரண்டாவது கோபத்தைப் பற்றியது. எதில் 'சரிபார்', எதில் 'அடக்கு'? வீட்டில் பிள்ளைகளோடு பேசிப் பாருங்கள்.