நீரிழிவும் நோன்பும்

முன்னுரை

'நோன்பு' என்னும் சொல் 'நோல்' என்னும் வினையடியாகப் பிறந்தது. நோற்றலாவது பொறுத்தல். பசியையும் நீர்வேட்கையையும் இறைவனுக்காகப் பொறுப்பது ரமலான் நோன்பு. உணவில் அளவு, உரிய வேளையில் மருந்து, நாள்தோறும் நடை என ஆண்டு முழுவதும் பொறுத்து ஒழுகவேண்டிய மற்றொரு நிலையும் உண்டு. அது நீரிழிவு. இந்நோயினர் நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் என 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கூறுகிறது. எனவே ரமலான் திங்களில் இவ்விரண்டும் எதிர்ப்படும் வீடுகள் பல எனலாம். அவ்வேளையில் ஒழுகும் முறையினை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உண்ணாநிலையில் உடல்

நம் பகுதியில் ஒரு நாள் நோன்பு ஏறத்தாழ 13 மணி நேரம் நீடிக்கிறது. உண்ட உணவு தீர்ந்தபின், கல்லீரல் தான் சேமித்து வைத்திருந்த சர்க்கரையைச் சிறிது சிறிதாக இரத்தத்தில் விடுகிறது. நலமுள்ளவர் உடலில் கணையம் இதனை உணர்ந்து இன்சுலின் சுரப்பைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆனால், ஊசிவழி ஏற்றிய இன்சுலினும், கணையத்தைத் தூண்டும் கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் அவர் நோன்பாளி என்பதை அறியா. அவை தம் பணியைச் செய்துகொண்டே இருக்கும். அதனால் சர்க்கரை அளவு மிகத் தாழ்ந்து வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல், மயக்கம் என வளர்ந்து உயிருக்கே ஊறு நேரலாம்.

இதற்கு அஞ்சி மருந்தையே நிறுத்திவிடுவது மற்றொரு தவறு. மருந்தும் இன்றி, மாலையில் இனிப்பும் பொரித்த பண்டங்களும் மிகுந்தால் சர்க்கரை ஏறும், சிறுநீர் மிகும், உடல் நீர் வற்றும். 2001இல் 13 நாடுகளைச் சேர்ந்த 12,243 நீரிழிவு நோயினரிடம் நிகழ்த்திய ஆய்வில், ரமலானில் தாழ்சர்க்கரை இடர் மிகுவதும், உயர்சர்க்கரையால் மருத்துவமனை செல்வோர் தொகை மிகுவதும் ஒருங்கே கண்டறியப்பட்டன.

மார்க்கம் தந்த சலுகை

நோன்பைக் கடமையாக்கிய திருமறையின் இரண்டாம் அத்தியாயம், அக்கடமையை விதித்த அதே இடத்திலேயே (2:184, 185) நோயாளிக்கும் பயணிக்கும் விலக்களிக்கிறது. பின்னர் நலம் பெறுவோர் விடுபட்ட நோன்புகளை வேறு நாட்களில் நோற்கலாம். நோற்கவே இயலாத நிலையினர் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் ஏழைக்கு உணவளிக்கலாம். இடைவிடாது நோன்பிருந்த தோழர் ஒருவரைத் தடுத்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அவருடைய உடலுக்கும் அவர்மீது உரிமை உண்டென நினைவூட்டினார்கள்.

இவ்வளவு தெளிவு இருந்தும், "நாற்பது ஆண்டுகளாக ஒரு நோன்பும் விட்டதில்லை" என்னும் பெருமிதம் சில பெரியோர்களை மருத்துவரிடமும் உண்மையை மறைக்கச் செய்கிறது. பகலில் நீர் அருந்துவதைப் பிறர் கண்டால் என்ன நினைப்பரோ என்னும் நாணமே பலரை வாட்டுகிறது. இறைவன் தந்த சலுகையை ஏற்பதும் இறைவனுக்குக் கீழ்ப்படிதலே என்பதை நாம் அனைவரும் உணர்தல் வேண்டும்.

மருத்துவத்தின் நான்கு உறுப்புகள்

திருவள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறளில் (950) நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என மருத்துவத்தை நான்கு உறுப்புகளாகப் பகுக்கிறார். அப்பகுப்பு இங்கும் நன்கு பொருந்துகிறது.

நோயுற்றவர்: நோன்புக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்னரே மருத்துவரை அணுகவேண்டும். ஸஹர் உணவை விடாது, அதன் வேளையின் இறுதியில் உண்பது நபிவழியுமாகும்; நலம் தருவதுமாகும். நோன்பு திறக்க ஒரு பேரீச்சம்பழமும் நீரும் போதும். பச்சரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், தேங்காய்ப்பால் சேர்ந்த நம் நோன்புக் கஞ்சியை ஒரு கிண்ண அளவில் அருந்தலாம். வடை, சமோசா, சர்பத் ஆகியவற்றைத் தவிர்த்தல் நன்று. ஒளுச் செய்யும்போது பாதங்களைக் கழுவுகிறோம். உணர்ச்சி குன்றிய பாதத்தில் புண் உண்டா என நோக்கி, விரலிடுக்குகளை ஈரமறத் துடைத்தால் ஐவேளைத் தொழுகையே பாதக் காப்பாகவும் அமையும்.

மருத்துவர்: முதல்வகை நீரிழிவினருள் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதோர், அண்மையில் கடுந்தாழ்சர்க்கரைக்கு ஆளானோர், சிறுநீரகம் பெரிதும் பழுதுற்றோர், இன்சுலின் ஏற்கும் கருவுற்ற மகளிர் முதலியோர் நோன்பைத் தவிர்க்குமாறு மருத்துவர் அறிவுறுத்துவர். பிறர்க்கு அவரவர் நிலைக்கேற்ப வழிகூறுவர்.

மருந்து: காலை மருந்தை மாலைக்கு மாற்றுவதும், ஸஹர் வேளை இன்சுலினைக் குறைப்பதும் மருத்துவரே முடிவு செய்யவேண்டியவை. அண்டை வீட்டார் மாத்திரை நமக்கு அளவுகோல் ஆகாது. விரல்நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்பது மார்க்க அறிஞர்களின் கருத்து. சர்க்கரை அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினாலும் 300க்கு மேலே ஏறினாலும் நோன்பை உடனே முடித்துக்கொள்ள வேண்டும். மஃரிப் பாங்கிற்கு அரைமணி நேரமே எஞ்சியிருப்பினும் காத்திருத்தல் கூடாது. தாழ்சர்க்கரையாயின் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து அருந்தி, பதினைந்து நிமிடங்களில் மீண்டும் சோதித்தல் வேண்டும். பேச்சுக் குழறி விழுங்க இயலாதவர் வாயில் எதனையும் ஊற்றாது மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

உடனிருப்போர்: பிள்ளைகள் தாழ்சர்க்கரையின் அறிகுறிகளை அறிந்திருக்கவேண்டும். வெயில் வேளையில் பெரியவர் தனியே வெளியே செல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நோன்பு வைக்க இயலாதவரிடம் காரணம் வினவாதிருப்பதும் ஒரு பணிவிடையே. ஜமாஅத்தார் ரமலானுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை உரையில் இச்செய்தியை எடுத்துரைத்தால் பல உயிர்கள் காக்கப்படும்.

முடிவுரை

நோன்பின் பயன் இறையச்சம் எனத் திருமறை கூறுகிறது. உடலும் இறைவன் ஒப்படைத்த அமானிதமே. மருத்துவர் இசைவுடன் முறையறிந்து நோற்பவரும் நோன்பாளி. இயலாமையால் விட்டு ஏழையின் பசி தீர்ப்பவரும் இறைகட்டளையை நிறைவேற்றியவர். நீரிழிவாளர் மற்றப் பதினொரு திங்களிலும் நாவையும் மனத்தையும் அடக்கி வாழ்வது, 'நோற்றல்' என்னும் சொல்லின் முழுப்பொருளை நமக்கு உணர்த்துகிறது. அவருக்குத் துணைநிற்பது நம் கடமையாகும்.