மேட்டூர் தண்ணீரும் டிரான்சியன்ட் கணக்கும்

டிரான்சியன்ட் என்றாலே பவர் சிஸ்டம் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகிறவர்கள் நம்மில் அதிகம். சில மில்லி செகண்டில் ஆடி அடங்குகிற சமாச்சாரம்தானே என்ற அலட்சியம். காற்றாலையும் சோலாரும் பெருகிய கிரிட்டில் அந்த மில்லி செகண்டில்தான் விஷயமே இருக்கிறது.

நம்ம திருமலைராயன்பட்டினத்தில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய 32.5 மெகாவாட் கேஸ் மின்நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மாதிரி ஜெனரேட்டரின் ரோட்டார் கனமானது. லைனில் ஷார்ட் ஆனாலும் சட்டென்று வேகம் மாறாது. அதற்கு ஆர்.எம்.எஸ். கணக்கே பெரும்பாலும் போதும். சோலார் இன்வர்ட்டரில் சுற்றுவது எதுவுமில்லை. வோல்டேஜ் சரிந்தால் தாங்குவதா, கழன்றுகொள்வதா என்று உள்ளே இருக்கும் புரோகிராம்தான் முடிவு செய்யும்.

2016 செப்டம்பர் 28-இல் தெற்கு ஆஸ்திரேலியா மாநிலமே இருண்டது. சூறாவளி கோபுரங்களைச் சாய்த்தது. இரண்டே நிமிடத்தில் ஆறு முறை வோல்டேஜ் சரிந்தது. ‘இத்தனை தடவைக்கு மேல் தாங்காதே’ என்று பல காற்றாலைகளில் ஒரு செட்டிங். ஏழு செகண்டுக்குள் 456 மெகாவாட் போச்சு! கிரிட்டை நடத்தியவர்களின் மாடலில் அந்த செட்டிங் இல்லவே இல்லை.

ஆகவே கன்ட்ரோல் புரோகிராமையும் சேர்த்து, அலையை அலையாகவே கணக்கிட வேண்டும். வழி காட்டியவர் ஹெர்மன் டாமல். அவர் கட்டுரை 1969-இல் வந்தது. ஸ்டெப் 50 மைக்ரோ செகண்ட் என்றால் ஒரு சைக்கிளுக்கு 400 கணக்கு, ஒரு செகண்டுக்கு 20,000. ஆயிரக்கணக்கான பஸ் உள்ள கிரிட்டுக்கு ஒரே கம்ப்யூட்டர் திணறிவிடும்.

இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. மேட்டூரில் ஷட்டரைத் தூக்கினால் கடைமடையான நம்ம காரைக்காலுக்கு உடனே தெரியுமா? தண்ணீர் வந்து சேர நாளாகும். மின்கம்பியிலும் அப்படித்தான். அலை ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் ஓடினாலும் 300 கிலோமீட்டரைக் கடக்க 1 மில்லி செகண்ட் ஆகிறது. அதற்குள் 20 ஸ்டெப் முடிந்துவிடும். அதுவரை இந்த முனையில் நடப்பது அந்த முனைக்குத் தெரியாது. எனவே நீள லைன்களில் கிரிட்டை வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு கம்ப்யூட்டரிடம் கொடுக்கலாம். விடையில் தோராயம் எதுவும் சேராது. 10 கிலோமீட்டர் லைனில் இது பலிக்காது. ஒரே ஸ்டெப்பில் அலை மறுமுனையைத் தொட்டுவிடும்.

லேபில் ஒரு ஆர்-எல் சர்க்யூட்டுக்கு 50 மைக்ரோ செகண்டில் புரோகிராம் எழுதி, பிறகு ஸ்டெப்பை 5 மில்லி செகண்ட் ஆக்கிப் பாருங்கள். ஒரு சைக்கிளுக்கு நாலே புள்ளிதான் மிஞ்சும்.