குழந்தை தள்ளிப் போனால் குறை யாரிடம்?



அரியாங்குப்பத்தில் ஒரு குழுக் கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகும் ஒரு தங்கச்சி மட்டும் உட்கார்ந்திருந்தார். கல்யாணமாகி மூன்று வருடம். "உள்கடன் வேணும்க்கா, மறுபடி ஸ்கேன் எடுக்கணும்" என்றார். அது நாலாவது ஸ்கேன். "உங்க வீட்டுக்காரருக்கு என்ன டெஸ்ட் எடுத்தாங்க?" என்று கேட்டோம். "அவருக்கு எதுக்குக்கா? குறை எனக்குத்தான்னு மாமியார் சொல்றாங்க" என்றார்.

அதனால்தான் இந்த மாதம் இந்தப் பாடம்.

நம்பிக்கை: குழந்தை இல்லையென்றால் குறை பெண்ணிடம்தான்.
உண்மை: குழந்தை தள்ளிப் போகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. உடம்பு திடமாக இருக்கும் ஆணுக்கும் விந்தணு குறைவாக இருக்கலாம். பார்த்தால் தெரியாது, பரிசோதித்தால்தான் தெரியும். விந்துப் பரிசோதனையில் ஊசி, வலி எதுவும் இல்லை. 2 முதல் 7 நாள் உறவு கொள்ளாமல் இருந்து கொடுக்க வேண்டும். ஆகவே முதல் நாளே இருவரும் சேர்ந்து போக வேண்டும்.

நம்பிக்கை: எந்த நாளில் சேர்ந்தாலும் கரு தங்கும்.
உண்மை: விலக்கான முதல் நாளை 1 என்று எண்ணுங்கள். 28 நாளுக்கு ஒருமுறை விலக்கு வருபவருக்கு 14-ஆம் நாள் வாக்கில் முட்டை வெளிவரும். முட்டை ஒரு நாள்தான் உயிரோடு இருக்கும். விந்தணு 5 நாள் வரை இருக்கும். எனவே 10 முதல் 15-ஆம் நாள் வரை ஒன்றுவிட்டு ஒரு நாள் சேரலாம். சுற்று கூடக்குறைய இருந்தால் இந்த நாட்களும் மாறும். கணவர் கடலுக்கோ வெளியூர் வேலைக்கோ போய் அந்த நாட்களில் வீட்டில் இல்லையென்றால், அது யாருடைய குறையும் இல்லை.

நம்பிக்கை: உறவுக்குப் பின் விந்து வெளியே வந்தால் கரு தங்காது.
உண்மை: கொஞ்சம் வெளியே வருவது எல்லோருக்கும் இயல்பு. காலைத் தூக்கி வைத்துப் படுக்கத் தேவையில்லை.

நம்பிக்கை: காப்பர்-டி போட்டவருக்குப் பிறகு குழந்தை பிறக்காது.
உண்மை: எடுத்த பிறகு வழக்கம்போல் கருத்தரிக்கலாம்.

நம்பிக்கை: வேண்டிக்கொண்டால் போதும்.
உண்மை: வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மனிடம் வேண்டுவது மனசுக்குத் தைரியம். வேண்டுங்கள், கூடவே டாக்டரையும் பாருங்கள். 35 வயதுக்கு மேல் கருத்தரிக்கும் வாய்ப்பு வேகமாகக் குறையும்.

எப்போது போக வேண்டும்?
ஒரு வருடம் முயன்றும் தங்கவில்லை என்றால் போகலாம். 35 வயதைத் தாண்டியவர் 6 மாதத்திலேயே போக வேண்டும். விலக்கு ஒழுங்கில்லாதவரும் காசநோய் வந்தவரும் காத்திருக்கவே வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுக்கொண்டு, புதுச்சேரி ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ போகலாம். "100 சதவீதம் உறுதி" என்ற விளம்பரத்தை நம்பிக் கடன் வாங்காதீர்கள். அந்த உறுதியை எந்த டாக்டராலும் தர முடியாது.

வீட்டில் செய்ய வேண்டியது
கணவர் பீடி, புகையிலை, குடியை விட வேண்டும். விந்தணு உருவாக இரண்டரை மாதம் ஆகும். அதனால் பலன் தெரிய மூன்று மாதம் பொறுக்க வேண்டும். பெண்கள் இப்போதிருந்தே ஃபோலிக் அமில மாத்திரை பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

அந்தத் தங்கச்சியின் கணவர் முதலில் மறுத்தார். பிறகு போனார். முடிவு என்ன என்பது அவர்கள் இருவர் விஷயம். ஆனால் இப்போது ஆஸ்பத்திரிக்கு இருவரும் சேர்ந்துதான் போகிறார்கள்.

குழுவில் பேசுங்கள்:
1. குழந்தை இல்லாத பெண்ணை வளைகாப்புக்கு அழைக்காமல் ஒதுக்குகிறோமா?
2. மருமகளைச் சோதிக்கும் முன் மகனையும் கூட அனுப்புவோமா?