ஹெட்லைட்டுக்குக் கலர் பல்பா?

கடையில் பளபளக்கும் நீல பல்பு, மழை இரவில் பள்ளத்தைக் காட்டாது. காருக்கு வாங்கும் முன்:

1. அட்டையில் கெல்வின் எண்ணைப் பாருங்கள். 3000 என்றால் மஞ்சள், 4300 வெள்ளை, 6000-ஐத் தாண்டினால் நீலம் ஏறும். ஹாலஜன் பல்பில் அந்த நீலம் வெறும் மேல்பூச்சுதான். வெளிச்சத்தில் ஒரு பங்கை அதுவே விழுங்கிவிடும். கூடுதல் காசு கொடுத்து இருட்டை வாங்குவானேன்?

2. எச்4 பல்பு என்றால் 60/55 வாட்டோடு நிறுத்துங்கள். 100/90 மாட்டினால் ஹோல்டர் உருகும், வயர் கருகும்.

3. ஹாலஜனுக்கென்று செய்த விளக்கில் எல்இடி, எச்ஐடி பல்பைத் திணிக்காதீர்கள். ஒளி சிதறி, எதிரே வருபவருக்குக் கண் கூசும்.

4. பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகம் சூடேறி, கண்ணாடி விரிசல் விடலாம். தொட்டுவிட்டால் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடையுங்கள்.

5. இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்று மங்கல், ஒன்று பளிச் என்றால் பார்வை தடுமாறும்.

6. மாட்டியதும் வெளிச்சத்தைச் சுவரில் அடித்துப் பாருங்கள். லோ பீம் மேலே ஏறியிருந்தால் மெக்கானிக்கிடம் இறக்கச் சொல்லுங்கள்.

சிவப்பு வேண்டவே வேண்டாம். வண்டியின் முன்பக்கம் சிவப்பு விளக்கு எரிவது மோட்டார் வாகன விதிகளுக்கு விரோதம்.