வயற்பொறிகளும் பறவைகளும்

கல்லல் வட்டாரத்தில் கண்மாய்ப் பாசன நெல் கதிர் பிடிக்குந் தருணத்தில் எலிச் சேதம் மிகுதியாகும். அதனைத் தடுக்க வரப்புகளில் தஞ்சாவூர்க் கிட்டி வைப்பதுண்டு. காட்டுப்பன்றிக்காக வேலியோரத்தில் கம்பிச் சுருக்குக் கட்டுவோரும் உளர். பொறிக்கு எலி இன்னது, பறவை இன்னது என்னும் பேதம் தெரியாது. ஆகவே வைப்பவரே ஜாக்கிரதையாயிருத்தல் வேண்டும்.

கிட்டியானது வளைத்த மூங்கிலின் விசையால் எலியின் கழுத்தை இறுக்கிக் கொல்வது. எலி பெரும்பாலும் இரவில் இரை தேடும். கொக்கு, மைனா, கவுதாரி, மயில் முதலியன பகலில் மேய்வன. எனவே இருட்டியபின் கிட்டிகளை எண்ணி வைத்து, பொழுது புலருமுன் எண்ணி எடுத்துவிடுதல் நலம். மறந்துபோன கிட்டி ஒன்றே கொக்கின் காலை முறிக்கப் போதுமானது.

கூகை இரவிற் பறப்பது. எலியே அதன் பிரதான உணவு. துடிக்கும் எலியின்மேற் பாயுங்கால் அதுவும் அகப்படக்கூடும். கூலியில்லாக் காவற்காரனை இவ்விதம் இழத்தல் தகாது. ஆதலால் ஆந்தைகள் அமர்வதற்கென வயலில் நட்ட கோல்களின் அருகே கிட்டி வைக்கலாகாது.

கம்பிச் சுருக்கை அறவே விலக்குக. மயிலால் விளைச்சலுக்குச் சேதம் உண்டென்பது மெய்யே. எனினும் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது சேர்ந்துள்ளது. கண்ணி வைத்தலும் காயப்படுத்தலும் அச்சட்டப்படி வேட்டையே. மயிலை வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு. பன்றிக்காகக் கட்டினேன் எனச் சொல்லித் தப்பலாமென்று எண்ணுதல் வேண்டா.

பறவை சிக்கியிருப்பின் காலைப் பிடித்து இழுக்கலாகாது. தலையைத் துணியால் மூடினால் அது அடங்கும். பின்னர்ச் சுருக்கை வெட்டி, காற்றோட்டமுள்ள கூடையிலிட்டு, வனத்துறையினருக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும்.

இச்சிவகங்கை மாவட்டத்திலேயே, திருப்பத்தூரை அடுத்த வேட்டங்குடியில் 1977-ல் பறவைகள் சரணாலயம் ஏற்பட்டது. அதன் அருகிலுள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் மிரளாதிருக்கும்பொருட்டுத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. அங்கு தங்கும் நத்தைகுத்தி நாரை முதலியன சுற்றிலுமுள்ள கண்மாய்களிலும் வயல்களிலுமே இரை தேடுகின்றன. கார்த்திகை, மார்கழியில் அவை வருங்காலமும் கிட்டி வைக்குங்காலமும் ஒன்றாதலால், கதிர் பிடிக்குமுன்னரே கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் மேற்கண்ட முறைகளைக் குடியானவர்களுக்கு எடுத்துரைப்பது மிகவும் அனுகூலமாகும்.