இழுவண்டிக்கு ஏற்ற டயர்

ரேணிகுண்டாவைச் சுற்றியுள்ள சாலைகளில் டிராக்டர்கள் நெல் மூட்டைகளையும் கரும்பையும் செங்கல்லையும் இழுத்துச் செல்வதைக் கண்டிருப்பீர்கள். பின்னால் கோத்திருக்கும் டிரெய்லரே இழுவண்டி. டிராக்டரின் பின்சக்கர டயரில் வரப்புப் போன்ற தடித்த மேடுகள் சாய்வாக அமைந்திருக்கும். சேற்றைப் பற்றி வண்டியை உந்துவதற்கு அவை வேண்டும். இழுவண்டிக்கோ எஞ்சின் இல்லை. பாரத்தைத் தாங்கி உருள்வதே அதன் சக்கரத்தின் பணி. எனவே அதன் டயரில் பள்ளங்கள் சுற்றுவாக்கில் நேராக ஓடும்.

ஆகவே, டயர் வாங்குவோர் முதலில் தாங்குதிறனை நோக்க வேண்டும். பல டயர்களின் பக்கச்சுவரில் அளவை அடுத்து ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். 91 என்றால் அந்த டயர் 615 கிலோவைத் தாங்கும். 121 என்றால் 1450 கிலோ. இரண்டு டன் ஏற்றிய இருசக்கர இழுவண்டியில் ஒவ்வொரு சக்கரமும் ஏறத்தாழ ஒரு டன் சுமக்கிறது. சக்கரத்தில் பொருந்துகிறதே என்று காரின் பழைய டயரை மாட்டுவது சிக்கனம் ஆகாது.

அடுத்தது வயது. இதைப் பலர் மறந்துவிடுகின்றனர். அறுவடை முடிந்ததும் இழுவண்டி மாதக்கணக்கில் வெயிலில் நிற்கும். ஓடாத டயர் தேயாது, ஆனால் மூப்படையும். ரப்பர் இறுகி, பக்கச்சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றும். பள்ளங்கள் புதியனபோல் ஆழமாக இருப்பதைக் கண்டு ஏமாறக் கூடாது. பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களே வயதைச் சொல்லும். 2319 என்பது, அந்த டயர் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டதைக் குறிக்கும்.

காற்றுக் குறைந்தால் நல்ல டயரும் கெடும். அது ஒவ்வொரு சுற்றிலும் மிகுதியாக நசுங்கி நிமிர்வதால் உள்ளே வெப்பம் பெருகுகிறது. கோடையில் இவ்வூரில் வெயில் 40 டிகிரி செல்சியஸைக் கடக்கும் நாள்கள் உண்டு. பாரமும் வெப்பமும் சேர்ந்து டயர் வெடித்தால் வண்டி கவிழலாம். மூட்டைகளின்மேல் அமர்ந்து வரும் தொழிலாளரின் உயிர் போகலாம். ஆகையால், வண்டி ஓடிச் சூடேறும் முன், காலையிலேயே காற்றழுத்தத்தை அளக்க வேண்டும்.

டயர் கடையில் ஒருவர் தெலுங்கில் 'காலி' என்று சொன்னால், ஏதோ தீர்ந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். அது காற்றைக் குறிக்கும் தெலுங்குச் சொல். பழந்தமிழிலும் 'கால்' என்பதற்குக் காற்று என்ற பொருள் உண்டு.

பயிற்சி

1. டிராக்டரின் பின்சக்கர டயரும் இழுவண்டியின் டயரும் வேறுபடுவது ஏன்?
2. 'ஓடாத டயர் தேயாது. ஆனால் மூப்படையும்' – விளக்குக.
3. உங்கள் வீட்டு வண்டியின் டயரில் உள்ள நான்கு இலக்கங்களைக் கண்டறிந்து, அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் எழுதுக.