சீக்கிரம் தொடங்கினால் முழுதாக இறுகிவிடுமா?

கேள்வி: ஐயா, பாலிமர் வேதியியலில் முதுகலை படிக்கிறேன். பல்சுவர் கார்பன் நானோகுழாய்களைக் கந்தக அமிலமும் நைட்ரிக் அமிலமும் 3:1 அளவில் சேர்ந்த கலவையில் காய்ச்சி, எபாக்சியில் 0.5 எடைச் சதவீதம் கலந்தேன். ஹார்ட்னர் அமீன் வகை. டிஎஸ்சி வரைபடத்தில் வெப்ப உச்சம் முன்னதாகவே வருகிறது. ஆனால் மொத்த வெப்பம் வெறும் எபாக்சியைவிட ஏறத்தாழ 10 சதவீதம் குறைவு. ‘இறுகுதல் மேம்பட்டது’ என்று எழுதலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். வினை வேகமாகத் தொடங்குவது வேறு, முழுமையாக முடிவது வேறு. உங்கள் வரைபடத்தில் முதலாவது மட்டுமே தெரிகிறது.

வேகத்துக்குக் காரணம் எளிது. அமிலம் குழாயின் மேற்பரப்பில் கார்பாக்சில், ஹைட்ராக்சில் தொகுதிகளை ஏற்றுகிறது. அவை எபாக்சி வளையத்தின் ஆக்சிஜனோடு ஹைட்ரஜன் பிணைப்பு கொள்வதால், அமீன் அந்த வளையத்தைத் திறப்பது சுலபமாகிறது.

அந்த 10 சதவீதம்தான் கவனிக்க வேண்டியது. குழாயின் எடையைக் கழித்துக் கணக்கிட்டாலும் அரைச் சதவீதம்தான் சரியாகும். மீதிக்கு நான் முதலில் சந்தேகிப்பது கழுவுதலை. குழாய்க் கட்டிகளுக்குள் தங்கிய அமிலம் அமீனோடு சேர்ந்து உப்பாகிவிடும். அந்த அளவு ஹார்ட்னர் வினைக்கு வராது. வடிநீரின் பிஎச் நடுநிலைக்கு வரும்வரை கழுவி, வெற்றிட அடுப்பில் நன்றாக உலர்த்துங்கள். குழாய்கள் திரண்டு கிடந்தாலும் பிசினின் பாகுநிலை கூடி, ஹார்ட்னர் எல்லா இடத்துக்கும் சமமாகப் போய்ச் சேராது.

பிறகு அதே மாதிரியை இரண்டாம் முறை சூடேற்றி, கண்ணாடி மாறுநிலை வெப்பநிலையைப் பாருங்கள். அது வெறும் எபாக்சியுடையதைவிடத் தாழ்ந்திருந்தால் வலைப்பின்னல் முழுமையாகவில்லை என்றே சந்தேகிக்க வேண்டும்.

அடுத்த படியாக, கார்பாக்சில் தொகுதியில் எத்திலீன் டைஅமீனை இணைத்துப் பாருங்கள். குழாயில் ஏறிய அமீன் எபாக்சியோடு நேரடியாகச் சகப்பிணைப்பு கொள்ளும்; குழாய் வலைப்பின்னலின் ஓர் அங்கமாகவே ஆகிவிடும். வேதி மாற்றத்தின் பெரும்பயன் இந்தப் பிணைப்பும் சீரான பரவலும்தான் என்பது என் கருத்து. உச்சம் சில டிகிரி முன்னே வருவதை நான் பெரிதாக எடுப்பதில்லை. டைஅமீனைத் தாராளமாக மிகுத்துப் போடுங்கள். குறைந்தால் ஒரே மூலக்கூறின் இரு முனைகளும் இரண்டு குழாய்களைப் பிடித்து, அவற்றை மீண்டும் கட்டியாக்கிவிடும். குழாயில் அமீன் இருக்கிறதே என்று ஹார்ட்னரைக் குறைக்கவும் வேண்டாம், 0.5 சதவீதக் குழாயில் ஏறும் அமீன் மிகச் சொற்பம்.

அமிலத்தில் நெடுநேரம் காய்ச்சினால் குழாய் துண்டாகும், மின்கடத்தலும் குறையும். நேரத்தைக் குறைத்துப் பார்த்து, ராமன் நிறமாலையில் டி, ஜி உச்சங்களின் விகிதத்தை ஒப்பிடுங்கள்.

இப்போதைக்கு ‘வினை விரைவடைந்தது’ என்று மட்டும் எழுதுங்கள். கடைசியாக ஓர் எச்சரிக்கை: உலர்ந்த குழாய்த் தூளைத் திறந்த மேசையில் அரைக்காதீர்கள். பல்சுவர்க் குழாய்களில் ஒரு வகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளதாகப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2014-இல் வகைப்படுத்தியிருக்கிறது. புகைபோக்கிக் கூண்டுக்குள், தகுந்த முகமூடியோடு வேலை செய்யுங்கள்.